ஐந்து பேருக்கு ஒரு மேசை

2024 டிசம்பர் 21, சனிக்கிழமை. மயிலாப்பூரில் ரோசரி சர்ச் ரோட்டை ஒட்டிய சந்தில் குடியிருக்கும் ஃப்ளோரன்ஸ் டீச்சர், தன் இளைய மகன் ஜாக்சனுக்கு அன்று காலை ஆண்டுப் பூசை வைத்தார். ஜாக்சன் இறந்தது முந்தைய வருடம் டிசம்பர் 27. ஆண்டு முடிய இன்னும் சில நாட்கள் பாக்கி இருந்தன. மழை வந்தால் விளையாட்டு விழாவைத் தள்ளி வைப்பது டீச்சருக்குப் பழக்கம். ஒரு தேதியை அவர் முன்னால் இழுத்தது இதுதான் முதல் தடவை.

டீச்சர் என்றால் பி.டி. டீச்சர். கல்லூரியில் படித்த காலத்தில் எண்ணூறு மீட்டர் ஓடி மாநில அளவில் இரண்டாவதாக வந்தார். அந்த ஒரு சான்றிதழை வைத்துக்கொண்டு கன்னியர் மடத்துப் பெண்கள் பள்ளி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே விசில் ஊதினார். ஆயிரம் பிள்ளைகளை மைக் இல்லாமல் வரிசையில் நிறுத்துவார். வீட்டிலும் அப்படித்தான். ஆட்டோவில் யார் எந்த ஓரம் உட்கார வேண்டும், கோவிலில் யார் பக்கத்தில் யார் முழந்தாளிட வேண்டும், கல்யாண வீட்டில் எந்தப் பந்தியில் உட்கார்ந்தால் மீன் நடுத்துண்டு கிடைக்கும், எல்லாம் அவர் முடிவு. கணவர் பவுல்சாமி துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அந்த இரைச்சல் அவருடைய காது இரண்டையும் தின்றுவிட்டது. வலது காதில் மெஷின் வைத்தால் கொஞ்சம் கேட்கும். மற்றபடி மனைவி கை காட்டிய பக்கம் நடப்பார்.

பிள்ளைகள் இரண்டு. மூத்தவன் லாய்ட் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, அடையாறில் சொந்த ஃப்ளாட், மனைவி சான்ட்ரா. இளையவன் ஜாக்சன் ஜிம் சாமான் விற்கிற கம்பெனியில் இருந்தான். அவன் அம்மாவோடு இருந்தான். கல்யாணம் ஆகி ஷில்பா வந்தபிறகும் அதே வீடு. போன வருடம் கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டாம் நாள் காலை, திருவான்மியூரில் நண்பர்களோடு ஷட்டில் ஆடப் போனான். மூன்றாவது ஆட்டம் முடிந்து தண்ணீர் குடிக்க உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. வயது முப்பத்து நாலு. பி.டி. டீச்சர் பெற்ற பிள்ளை விளையாடப் போன இடத்தில் போய்ச் சேர்ந்தான் என்று பங்குக் கோவிலில் பேசிக்கொண்டார்கள். டீச்சரின் காதில் விழும்படியாகவே பேசினார்கள்.

அடக்கம் முடிந்த பிறகு பவுல்சாமி மகனின் பெயரைச் சொல்வதை நிறுத்திவிட்டார். யாராவது சொன்னால் காது மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். லாய்ட் ஞாயிற்றுக்கிழமை வருவான், பிரிட்ஜில் பழம் வைப்பான், போவான். அந்த வீட்டில் ஜாக்சன் என்று சொல்ல டீச்சரைத் தவிர இருந்த இன்னொரு வாய் ஷில்பாவுடையது.

அவள் தியாகராய நகரில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கி, முகம் கழுவி, காபி குடித்ததும் மாமியாரும் மருமகளுமாகப் பட்டினப்பாக்கம் கடற்கரைக்கு நடப்பார்கள். போகும்போதும் வரும்போதும் ஒரே பேச்சுதான். ரசம் சாதத்துக்கு அவன் மிக்சர் கேட்பது. லாய்டின் புது சட்டையைத் திருடிப் போட்டுக்கொண்டு போய்க் கிழித்து வந்தது. தேனிலவுக்குப் போன ஊரில் ஓட்டல் பெயரையே மறந்துவிட்டு, ராத்திரி எட்டு மணிக்குத் தெருத்தெருவாக ஷில்பாவை நடக்க வைத்தது. டீச்சருக்குத் தெரியாத ஜாக்சன் ஷில்பாவிடம் இருந்தான். ஷில்பாவுக்குத் தெரியாதவன் டீச்சரிடம் இருந்தான். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டார்கள். டீச்சர் அந்த வருடத்தைத் தாண்டியது அப்படித்தான்.

ஜூன் மாதம் ஒருநாள் அதே மணலில் உட்கார்ந்திருந்தபோது ஷில்பா சொன்னாள்.

"அத்தை, ஆபீஸ்ல ஸ்ரீஹரின்னு ஒருத்தர் இருக்காரு. என்னைக் கட்டிக்கிறேன்னு கேட்டிருக்காரு. நான் பதில் சொல்லல. ஆண்டுப் பூசை ஆவட்டும், அதுவரைக்கும் இதைப்பத்தி யார்கிட்டயும் வாயைத் திறக்க மாட்டேன். உங்ககிட்ட மறைச்சு வச்சிக்கினு கூட நடந்தா எனக்குத் தூக்கம் வராது, அதான் சொன்னேன்."

டீச்சர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சுண்டல் வாங்கட்டுமா?" என்றார்.

அதற்கப்புறம் இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுக்கவும் முடியாது. ஆண்டுப் பூசை வரைக்கும் அது துக்க வீடு. அவர்கள் சொந்தத்தில் துக்க வீட்டில் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்ட மாட்டார்கள், கேக் வெட்ட மாட்டார்கள், கணவனை இழந்தவள் கலர் புடவை கட்ட மாட்டாள், கல்யாணப் பேச்சு வாசற்படி ஏறாது. பூசை முடிந்த அன்று புகுந்த வீட்டார் அவளுக்கு ஒரு கலர் புடவை எடுத்துக் கொடுப்பார்கள். அதோடு துக்கம் கழிந்தது. அவள் பாட்டை அவள் பார்க்கலாம். ஆக, டிசம்பர் 27 வரை தனக்கு நேரம் இருக்கிறது என்று டீச்சர் நினைத்துக்கொண்டிருந்தார். அதற்குள் ஏதாவது நடக்கும். அந்தப் பையனின் வீட்டில் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஷில்பாவே மனம் மாறலாம்.

நடுவில் லாய்ட் கப்பல் டிக்கெட் வாங்கிவிட்டான்.

"இந்தக் கிறிஸ்துமஸுக்கு நாம வீட்ல இருக்க வேணாம் மம்மி," என்றான். "ஊர்ல இருக்கிறவன் எல்லாம் தட்டுல கேக்கை வச்சிக்கினு வந்து, போன வருஷம் இந்நேரம் இங்க நின்னானேன்னு அழுவான். டாடியால தாங்க முடியாது. மூணு நாள் கப்பல். கிளம்பின ஹார்பருக்கே வந்துடும். அஞ்சு பேருக்கும் போட்டாச்சு."

எல்லோரும் சேர்ந்து மூன்று நாள் என்றதும் டீச்சருக்கும் ஆசை வந்தது. ஆனால் ராயபுரத்திலிருந்து பவுல்சாமியின் அக்கா போன் போட்டு விட்டார். "இன்னா ஃப்ளோரன்ஸ், துக்கம் கழியாத வூட்டுக்காரங்க கப்பல்ல போயி கேக் வெட்டப் போறீங்களாமே? நாலு பேரு கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?"

டீச்சர் அசரவில்லை. நேரே கோவில் அலுவலகத்துக்குப் போனார். 27-ஆம் தேதி பூசையை 21-ஆம் தேதிக்கு மாற்ற முடியுமா என்று கேட்டார். பங்குச் சாமியார் இளைஞர். "சாமிக்குத் தேதி கணக்கெல்லாம் கிடையாதும்மா. நீங்க என்னைக்கு வச்சாலும் பூசை பூசைதான்," என்றார். டீச்சர் நன்றி சொல்லிவிட்டு, பாண்டி பஜாருக்குப் போய் ஷில்பாவுக்கு ஒரு பச்சை நிறப் பட்டுப் புடவை எடுத்தார். வாழைக்குருத்துப் பச்சை. அவளுடைய நிறத்துக்கு அது எடுப்பாக இருக்கும் என்று கடையில் நாலைந்தைத் தன் தோளில் போட்டுப் பார்த்துத்தான் எடுத்தார். தனக்கிருந்த கெடுவைத் தானே ஆறு நாள் குறைத்துவிட்டது அந்த நேரத்திலும் அவருக்கு உறைக்கவில்லை.

பூசை முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு, ஷில்பா அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து டீச்சரின் காலைத் தொட்டாள். எழுந்ததும் சொன்னாள்.

"அத்தை, ஆண்டு முடிஞ்சிடுச்சு. கப்பல்ல, கிறிஸ்துமஸ் டின்னர்ல, எல்லாரும் இருக்கும்போது நான் சொல்லிடறேன். அவருக்கு ஹைதராபாத்துக்கு மாத்தலாயிடுச்சு. நானும் அங்க மாத்தல் கேட்டிருக்கேன்."

டீச்சர் அவளுடைய முந்தானை மடிப்பைச் சரிசெய்தார். "இருபத்தேழு வரட்டுமேம்மா," என்றார்.

"பூசை முடிஞ்சா முடிஞ்சதுன்னு ராயபுரத்து அத்தைகிட்ட நீங்கதான அத்தை போன்ல சொன்னீங்க?"

கிறிஸ்துமஸ் டின்னர் என்று அவள் சொன்னதில் இருந்த கனம் டீச்சருக்குத் தெரியும். பவுல்சாமி குடும்பத்தில் பெரிய சேதிகள் எல்லாம் கிறிஸ்துமஸ் சாப்பாட்டில்தான் வெளியே வரும். லாய்ட் ஃப்ளாட் வாங்கியதை அங்கேதான் சொன்னான். ஷில்பாவைக் கட்டப் போகிறேன் என்று ஜாக்சன் வாயில் கறியை வைத்துக்கொண்டே அங்கேதான் சொன்னான். எல்லோரும் உட்கார்ந்திருக்கும் மேசையில் சொல்லி, பவுல்சாமி சரி என்றுவிட்டால், அதற்கு மேல் அப்பீல் கிடையாது. மேசையில் சொல்லாமல் தப்பித்தால் இழுத்துக்கொண்டே போகலாம். ஊருக்குத் திரும்பினால் லாய்ட் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவான். ஐந்து பேர் ஒன்றாக உட்காருவது இனி ஈஸ்டருக்குத்தான்.

ஆகவே டீச்சருக்கு இருந்தது ஒரே வேலை. அந்த ஐந்து பேரும் ஒரே நேரத்தில், ஒரே மேசையில், பேச்சுக் கேட்கிற இடத்தில் உட்காரக் கூடாது.

23-ஆம் தேதி மதியம் துறைமுக வாசலில் பெட்டிகளோடு நின்றார்கள். பவுல்சாமிக்கு அந்த இடம் அத்துப்படி. "நாப்பது வருசம் இங்க சரக்கு ஏத்தினேன். இன்னிக்கு என்னிய ஏத்திக்கினு போறானுங்க," என்றார், சோதனை போடுகிற பையனிடம். அவனுக்குத் தமிழ் தெரியவில்லை. கை இரண்டையும் தூக்கச் சொன்னான்.

கப்பலில் சாப்பிட மூன்று இடம் இருந்தது. கீழே பெரிய டைனிங் ஹால், வெள்ளைத் துணி விரித்த மேசைகள், டை கட்டிய பரிமாறுபவர்கள். மேலே பஃபே, நாமே தட்டெடுத்து வரிசையில் நிற்க வேண்டியது. அதற்கும் மேலே, தனியாகக் காசு கட்டிச் சாப்பிடுகிற சின்ன ரெஸ்டாரன்ட். மூன்று பக்கம் கண்ணாடி, அதற்கு வெளியே கடல். மொத்தமே பத்துப் பதினைந்து மேசைதான். கதவைச் சாத்திவிட்டால் ஸ்பூன் விழுந்தாலும் கேட்கும். வந்த அன்றே டீச்சர் மூன்றையும் சுற்றிப் பார்த்துவிட்டார். பள்ளி மைதானத்தைப் போட்டிக்கு முன்னால் பார்க்கிற மாதிரிதான் பார்த்தார்.

மறுநாள் காலைச் சாப்பாட்டில் லாய்ட் போனில், கப்பலுக்குள் மட்டும் வேலை செய்கிற ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டான்.

"நாளைக்கு டின்னர் எங்கன்னு முடிவு பண்ணுங்க. மேல அந்தக் கண்ணாடி ரெஸ்டாரன்ட்ல அஞ்சு பேர் ரவுண்டு டேபிள் ஒண்ணு காலியா காட்டுது. இப்ப போடலைன்னா போயிடும்."

"டைனிங் ஹால்ல போட்டோ எடுக்கறாங்களாம்," என்றாள் சான்ட்ரா. "நான் ரெண்டு பட்டுப் புடவை தூக்கிட்டு வந்திருக்கேன். கண்ணாடி ரூம்ல நம்மள யார் பாக்கப் போறா?"

"கடல் பாக்கும். போதும்," என்றான் லாய்ட்.

டீச்சர் இட்லியைப் பிட்டுக்கொண்டே, "பஃபேவே போதும். டாடிக்குத் தயிர் சாதம் அங்கதான் கிடைக்கும்," என்றார்.

"மம்மி, அங்க நாளைக்கு டி.ஜே. இருக்கு. டாடிக்கு ஒரு வார்த்தை கேக்காது."

"அவருக்கு எங்கதான் கேக்குது?"

"இன்னா?" என்றார் பவுல்சாமி.

"ஒண்ணுமில்ல. சட்னி தொட்டுக்குங்க."

ஷில்பா தட்டிலிருந்து நிமிர்ந்தாள். "மேலயே போலாம் அத்தை. அமைதியா இருக்கும்," என்றாள். சொல்லிவிட்டு டீச்சரையே பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. கேட்டுக்கொள்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. டீச்சர் குனிந்து சாம்பாரைக் கலக்கினார்.

லாய்ட் கண்ணாடி ரெஸ்டாரன்டைப் போட்டுவிட்டான்.

அன்று மாலை லாய்ட் நீச்சல் குளத்துப் பக்கம் தனியாக உட்கார்ந்திருந்தபோது டீச்சர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தண்ணீரில் குதிக்கிற பிள்ளைகளைப் பார்த்தார். இடுப்பு வளையாமல் குதிக்கிறார்கள் என்று குறை சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"லாய்ட், ஷில்பாவுக்கு மேல அந்தக் கண்ணாடி ரூம் வேணாமாம்."

"அவதான போலாம்னா?"

"உன் முன்னாடி அப்படித்தான் சொல்லுவா. எங்கிட்ட வந்து அழுவுறா. சுத்தி ஜோடி ஜோடியா மெழுகுவர்த்தி ஏத்திக்கினு உக்காந்திருப்பாங்க, ஜாக்சன் இல்லாம என்னால அங்க ஒரு வாய் எறக்க முடியாதுன்றா. நீ போய் அவகிட்ட கேட்டு வைக்காத. பாவம், இன்னும் சங்கடப்படும்."

லாய்டின் முகம் சுருங்கிவிட்டது. தம்பி பேரைச் சொன்னால் அவன் எப்போதும் அப்படித்தான். போனை எடுத்தான், அங்கேயே ரத்து செய்தான். "எனக்குத் தோணவே இல்ல மம்மி," என்றான். டீச்சர் அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தார். எழுந்து அறைக்கு நடந்தார். செத்த பிள்ளையின் பேரில் பொய் சொல்லியாயிற்று. அது இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

கப்பலில் சாமியார் இல்லை. லாய்ட் போனில் பூசை நேரலையைப் போடப் பார்த்தான், கடலில் சிக்னல் கிடைக்கவில்லை. டீச்சருக்கு நினைவு தெரிந்து பூசை காணாத முதல் கிறிஸ்துமஸ் அது. காலையில் ஐவரும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து வாழ்த்துச் சொன்னார்கள். ஷில்பா கட்டிப்பிடித்தபோது கொஞ்சம் கூடுதலாக நின்றாள். டீச்சர்தான் முதலில் கையை எடுத்தார்.

சாயங்காலம் டீச்சர் எல்லோருக்கும் முன்னால் பஃபே தளத்துக்குப் போய்விட்டார். சனம் அதற்குள் மொய்த்துக்கொண்டிருந்தது. சிவப்புக் குல்லா போட்ட குடும்பங்கள், தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுகிற பெண்கள், நாற்காலிக்குச் சண்டை போடுகிற ஆண்கள். டீச்சருக்குக் கூட்டம் புதிதில்லை. நடைபாதையை ஒட்டி, ஸ்பீக்கருக்கு நேர் கீழே இருந்த மேசை ஒன்றில் கைப்பை, சால்வை, தண்ணீர் பாட்டில் என்று நாற்காலிக்கொன்றாக வைத்துப் பிடித்தார். இன்னும் உள்ளே தள்ளி, கண்ணாடி ஓரத்தில் அமைதியான மேசை ஒன்று காலியாகத்தான் இருந்தது. ஒரு குஜராத்திக் குடும்பம் வந்து அதை எடுத்துக்கொள்ளும்வரை அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

ஷில்பா அந்தப் பச்சைப் புடவையில் வந்தாள். படி ஏறி வந்தவள் டி.ஜே.யைப் பார்த்தாள், ஸ்பீக்கரைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். உட்கார்ந்தாள். பவுல்சாமி வந்த வேகத்தில் காதைப் பொத்திக்கொண்டார். மெஷினைக் கழற்றிப் பையில் போட்டார்.

அதற்கப்புறம் டீச்சர் ஆட்டத்தை நடத்தினார். லாய்ட் உட்கார்ந்தால் சான்ட்ராவை எழுப்பினார். "அங்க வான்கோழி வெட்டறான் பாரு, தீந்துடும்." சான்ட்ரா வந்தால் லாய்ட். "டாடிக்கு மோர் வாங்கிட்டு வா." ஷில்பா வாயைத் திறக்கப் பார்க்கிற போதெல்லாம் அவள் தட்டில் எதையாவது வைத்தார். ஒரு தடவை கட்லெட், ஒரு தடவை கேக், இன்னொரு தடவை அவளுக்குப் பிடிக்காத இறால். ஐந்து நாற்காலியில் எப்போதும் ஒன்று காலியாகவே இருந்தது. முக்கால் மணி நேரம் இப்படியே ஓடியது. இன்னும் ஐஸ்கிரீம் பாக்கி, அது முடிந்தால் தூக்கம் வருகிறது என்று கிளம்பிவிடலாம்.

"அத்தான்," என்று ஷில்பா லாய்டின் பக்கம் சாய்ந்து கத்தினாள். "மேல புக் பண்ணீங்களே, என்னாச்சு?"

"நீதான வேணான்ன?" லாய்டும் கத்தினான்.

"நானா?"

"மம்மிகிட்ட அழுதியாமே. ஜாக்சன் இல்லாம அங்க சாப்பிட முடியாதுன்னு."

ஷில்பா டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். டீச்சர் மேசைமேல் சிந்தியிருந்த குழம்பை டிஷ்யூ காகிதத்தால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தார். சான்ட்ரா அப்போதுதான் தட்டோடு வந்தாள். ஷில்பா அவள் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். பிறகு தான் எழுந்து நின்றாள்.

"எனக்குக் கல்யாணம்," என்றாள். பாட்டு அதை விழுங்கியது. அவள் மறுபடியும், இன்னும் சத்தமாக, "எனக்குக் கல்யாணம். எங்க ஆபீஸ்ல ஸ்ரீஹரின்னு பேரு. ஹைதராபாத் போறோம். உங்க எல்லார்கிட்டயும் சொல்லணும்னு ஆறு மாசமா வாயை மூடிக்கினு இருந்தேன்," என்றாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள்.

பவுல்சாமி மனைவியின் கையைத் தட்டினார். "இன்னா சொல்றா?"

டீச்சர் அவர் காதருகே குனிந்தார். "பிரியாணி காரமா கீதாம்."

பவுல்சாமி மருமகளின் முகத்தைப் பார்த்தார். "பிரியாணிக்கா இப்டி அழுவாங்க?"

"மம்மி," என்றான் லாய்ட். "ஒழுங்கா சொல்லு."

ஒருவரும் டீச்சருக்கு உதவிக்கு வரவில்லை. சான்ட்ரா வாயில் வைத்ததை மெல்லாமல் உட்கார்ந்திருந்தாள். டீச்சர் கணவரின் காதில் வாயை வைத்தார். மெல்லச் சொன்னார். கேட்கவில்லை. இன்னும் உரக்கச் சொன்னார். கேட்கவில்லை. கடைசியில் நிமிர்ந்து, ஆயிரம் பேரை நிறுத்துகிற குரலில், "ஷில்பாவுக்குக் கல்யாணமாம். நம்ம வூட்ட வுட்டுப் போறாளாம்," என்றார். தளத்தின் அந்த மூலை முழுக்கக் கேட்டது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்காத இடைவெளி இல்லை அது. பாட்டையும் மீறித்தான் கேட்டது. எதிர் மேசையில் ஓர் அம்மாள் கைதட்டி, "கங்கிராட்ஸ்," என்றார்.

பவுல்சாமி தயிர் சாதத் தட்டைத் தள்ளி வைத்தார். மெஷினை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார். "யாரு பையன்?"

"டாடி, அப்புறம் பேசலாமே," என்றான் லாய்ட்.

"அவ எழுந்து நின்னுக்கினு கீறா. அப்புறம் இன்னா அப்புறம். எந்தூருப் பையன்மா?"

"இங்கதான் மாமா, டி. நகர். அவங்கப்பா ஜவுளிக் கடை. பூர்வீகம் திருநெல்வேலி. இந்துதான். ரிஜிஸ்டர் பண்ணிக்கறோம்."

"கோவில் கல்யாணம் இல்லியா?" என்றாள் சான்ட்ரா.

டீச்சர் கணவரின் முழங்கையைப் பிடித்தார். "ஆண்டு இன்னும் முடியலீங்க. இருபத்தேழுதான் ஆண்டு. அதுக்கு முன்னாடி இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. நீங்களே சொல்லுங்க, அப்புறம் பாத்துக்கலாம்னு."

"பூச வச்சாச்சே."

"அது கப்பலுக்காக வச்சது."

"யாருக்காக வச்சா இன்னா. புடவை எடுத்துக் குடுத்துட்ட. அது கட்டிக்கினு நிக்குது. இப்ப போயி இல்லேன்னா நல்லாவா கீது?" அவர் ஷில்பாவின் பக்கம் திரும்பினார். அவளைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தே பேசினார். "சரிம்மா. போய் நல்லாயிரு. ஜாக்சன்..." என்று தொடங்கி, மேற்கொண்டு சொல்ல வராமல் மோரை எடுத்துக் குடித்தார்.

ஒரு வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்தது அன்றுதான். அந்த நேரத்தில் கிறிஸ்துமஸ் தாத்தா வேடம் போட்ட ஒருவர் மேசைக்கு வந்து, ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்து, பவுல்சாமியின் தலையில் ஒரு சிவப்புக் குல்லாவை மாட்டிவிட்டுப் போனார். அவர் அதைக் கழற்றவும் இல்லை.

டீச்சர் காலித் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். எதற்கு என்று தெரியாமல் ஐஸ்கிரீம் வரிசையில் போய் நின்றார். கொஞ்சம் கழித்துப் பின்னால் பட்டுப் புடவையின் சரசரப்புக் கேட்டது. திரும்பவில்லை.

"சொல்ல வேணாம்னு எங்கிட்டயே கேட்டிருக்கலாமே அத்தை," என்றாள் ஷில்பா.

"கேட்டா நிறுத்தியிருப்பியா?"

"மாட்டேன்." வரிசை ஓரடி நகர்ந்தது. "அவர் பேர எதுக்கு இழுத்தீங்க?"

"வேற எதைச் சொன்னாலும் லாய்ட் கேட்டிருக்க மாட்டான்."

முன்னால் நின்ற குழந்தை எந்த ஐஸ்கிரீம் என்று முடிவு செய்யாமல் அடம்பிடித்தது. அதன் அப்பா அதட்டினார்.

"நான் தினமும் போன் பண்ணுவேன்," என்றாள் ஷில்பா.

"முதல்ல பண்ணுவ."

"நிஜமாத்தான் அத்தை."

"புது வூடு, புது ஊரு. அந்தப் புள்ள பக்கத்துல உக்காந்திருப்பான். அவனை வச்சிக்கினு ஜாக்சன் மிக்சர் தின்ன கதைய எங்கிட்ட எப்படிப் பேசுவ? பேசவும் கூடாது. நானா இருந்தாலும் பேச மாட்டேன்."

ஷில்பா அவர் தோளில் கை வைத்தாள். டீச்சர் அந்தக் கையை விலக்கவில்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை. வரிசை அவர் முறைக்கு வந்தது. எந்த ஐஸ்கிரீம் வேண்டும் என்று பரிமாறுபவர் இந்தியில் கேட்டார். டீச்சர் ஒன்றைக் கை காட்டினார்.

ஷில்பாவின் மாற்றல் உத்தரவு பிப்ரவரியில் வந்தது. மார்ச் முதல் வாரத்தில் அவள் சென்ட்ரலில் ஹைதராபாத் ரயில் ஏறினாள். வழியனுப்ப லாய்டும் பவுல்சாமியும் போனார்கள். டீச்சர் வீட்டிலேயே இருந்துவிட்டார்.